ஊரிலிருந்து வந்த பிள்ளை பிரெஞ்சுப் பள்ளியில்: முதல் வருடம்

பிரான்சில் 3 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். பெற்றோருக்கு விசா இருக்கிறதா இல்லையா என்பது பள்ளி கேட்கும் கேள்வியே அல்ல. ஆரம்பப் பள்ளி வயதென்றால் முதலில் மேரிக்கு (நகரசபை) போக வேண்டும். பிறப்புச் சான்றிதழ், முகவரிக்கு ஆதாரம், தடுப்பூசி அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். கொலேஜ் (இடைநிலைப் பள்ளி), லிசே (உயர்நிலைப் பள்ளி) வயதுப் பிள்ளைகளுக்கு கஸ்னாவ் என்ற கல்விப் பிரிவின் வழியாகச் சோதனை நடக்கும். பிரெஞ்சு மட்டுமல்ல, கணக்கும் தாய்மொழி வாசிப்பும் பார்ப்பார்கள். ஊரில் எழுதிய கணக்குக் கொப்பிகளை எடுத்துப் போங்கள். பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

வகுப்பு பிறந்த ஆண்டைப் பொறுத்தது. ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே வகுப்பு. கொலேஜில் வகுப்பு எண் 6, 5, 4, 3 என்று இறங்கும். பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பு ‘உபே 2 ஆ’. ஆரம்பப் பள்ளியில் வாரம் குறைந்தது 9 மணி, கொலேஜில் 12 மணி என்பது விதி. எல்லாப் பள்ளியிலும் இது இல்லை, ஆகவே வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி கிடைக்காமலும் போகலாம். பிள்ளையின் பெயர் வழக்கமான வகுப்பிலும் இருக்க வேண்டும். கணக்கு, விளையாட்டு, இசை, ஓவியம் ஆகியவற்றுக்கு அங்கே அனுப்பச் சொல்லி ஆரம்பத்திலேயே கேளுங்கள். பிரெஞ்சு வரட்டும் என்று காத்திருந்தால் கணக்கில் ஒரு வருடம் போய்விடும்.

ஊரில் கணக்கில் கெட்டிக்காரராக இருந்த பிள்ளை இங்கே தடுமாறுவது பலரையும் குழப்பும். பெரும்பாலும் காரணம் அறிவல்ல, எழுதும் முறை. வகுத்தலில் நாம் வகுக்கும் எண்ணை இடப்பக்கம் வைத்து விடையை மேலே எழுதுவோம். இங்கே வகுக்கும் எண் வலப்பக்கம், விடை அதற்குக் கீழே. கழித்தலில் 52 − 37 என்றால் நாம் 5இலிருந்து கடன் வாங்கி 4 ஆக்குவோம். இங்கே பல ஆசிரியர்கள் மேலே 2ஐ 12 ஆக்கி, கீழே 3ஐ 4 ஆக்கச் சொல்வார்கள். விடை அதே 15தான், ஆனால் வழியைப் பார்த்த பிள்ளை மிரண்டுபோகும். தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. ஆயிரத்துக்குக் காற்புள்ளி போடும் பழக்கத்தில் 3,500 என்று எழுதினால் ஆசிரியர் மூன்றரை என்று வாசிப்பார். 7க்கு நடுவில் கோடு போடாவிட்டால் அது 1 ஆகிவிடும். எண்களைச் சொல்லி எழுதவைக்கும்போது ‘சுவாசாந்த்-கென்ஸ்’ (சொல்லுக்குச் சொல் ‘அறுபது-பதினைந்து’) என்று கேட்டதும், 75க்குப் பதில் 60 எழுதி அருகில் 15 எழுதும் பிள்ளைகள் நிறைய. 70 முதல் 99 வரை தினமும் வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள்.

கையெழுத்து அடுத்த மலை. சேயஸ் கோடு போட்ட தாளில் 2 மில்லிமீட்டர் இடைவெளிக் கோடுகளுக்குள் கூட்டெழுத்தில் எழுத வேண்டும். அச்செழுத்து மட்டும் தெரிந்த பிள்ளைக்குப் பலகையில் ஆசிரியர் எழுதுவதை வாசிப்பதே சிரமம். இதற்கெனப் பயிற்சிக் கொப்பி கடையில் கிடைக்கும், உடனே வாங்குங்கள்.

விடையை மட்டும் எழுதினால் இங்கே போதாது. முழு வாக்கியத்தில் எழுத வேண்டும், ஏன் என்று காரணம் காட்ட வேண்டும். பாடமாக்கியதை ஒப்பிப்பதைவிட, வாசித்த பந்தியிலிருந்து ஆதாரம் எடுப்பதற்கே புள்ளி. கொலேஜில் புள்ளி 20க்கு. 14 நல்ல புள்ளி, 20 அரிது. 100க்கு 70 என்று மாற்றிப் பார்த்துப் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஆரம்பப் பள்ளியில் எழுத்து வீட்டுப்பாடம் 1956 முதலே விதிப்படி இல்லை. கவிதை, சொல்வதெழுதலுக்கான சொற்கள், வாய்ப்பாடு என்று படிக்கத்தான் வரும். வீட்டில் பாடத்தைத் தமிழிலேயே விளக்குங்கள். பொருள் புரிந்த பிள்ளைக்குப் பிரெஞ்சுச் சொல் சீக்கிரம் ஒட்டும்.

தொடர்புக் கொப்பியில் ஒட்டிவரும் ஒவ்வொரு துண்டுக்கும் கையொப்பம் போட்டு மறுநாளே அனுப்புங்கள். புரியாவிட்டால் அதிலேயே ‘ரான்டேவு’ (சந்திப்பு நேரம்) கேட்டு ஒரு வரி எழுதினால் ஆசிரியர் நேரம் தருவார்.