குறைந்த செலவில் ஒரு .22 பிஸ்டல்: வாங்கியதும் தேற்றியதும்

25 மீட்டர் போட்டியின் துல்லியச் சுற்று அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். ஒற்றைக் கையை நீட்டி, அதற்குள் தோட்டாவைப் போட வேண்டும். இதற்கென்றே செய்த பார்டினி, வால்தர் போன்ற பிஸ்டல்கள் இருக்கின்றன. அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கிளப் துப்பாக்கியில் பழகிக்கொண்டே, கைக்கு அடக்கமான விலையில் சொந்தமாக ஒன்று தேட ஆரம்பித்தேன். கடைசியில் மனதில் நின்றவை மூன்று: ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி. மூன்றும் .22 எல்.ஆர். என்ற சிறிய ரகத் தோட்டா போடுபவை. மூன்றிலும் சுடும்போது குழல் அசையாமல் நிற்கும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

லைசென்ஸ் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் கிளப் உறுப்பினர் சான்றும் பயிற்சிப் பதிவேடும் கேட்பார்கள். ஒரு துப்பாக்கியின் மேல் ஆசை வைக்கும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன்.

வாங்கியது ரூகர், ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியது, ஐந்தரை அங்குல கனத்த குழல். இந்த வரிசை 1949-இல் தொடங்கியது. பழைய மாடல்களைக் கழற்றினால் திரும்பப் பூட்டுவது பெரும் பாடு. 2016-இல் வந்த மார்க் 4-இல் பின்பக்கம் ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் அப்படியே நிமிர்ந்து கழன்றுவிடும். குழலைப் பின்பக்கத்திலிருந்தே சுத்தம் செய்யலாம், குழல் வாயின் விளிம்பில் சுத்தம் செய்யும் கம்பி உரசாது. இந்த ஒரு வசதிக்காகவே மற்ற இரண்டையும் விட்டேன்.

பழையதை வாங்கப் பயப்படத் தேவையில்லை. .22 தோட்டா மென்மையான ஈயம், அழுத்தமும் குறைவு. குழல் அவ்வளவு சீக்கிரம் தேயாது. பார்க்க வேண்டியது தோட்டா அமரும் அறையின் விளிம்பை. இது விளிம்பில் அடி வாங்கி வெடிக்கும் தோட்டா. தோட்டா இல்லாத வெற்று அறையில் சுடும் ஊசி எஃகின் மேல் அடித்திருந்தால் அங்கே ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அது பெரிதானால் சுட்ட கூடு சரியாக வெளியே வராது. டார்ச் அடித்துப் பார்த்து, விரல் நகத்தால் தடவியும் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. மேகசினின் உதடுகள், அதாவது தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்புகள், வளைந்திருக்கின்றனவா, தோட்டாக் கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி கூர்மையாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேம்படுத்தல் என்றதும் எல்லோரும் உதிரிபாகப் பட்டியலைத் திறப்பார்கள். நான் முதலில் பணம் போட்டது தோட்டாவில். சந்தையில் கிடைத்த வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, மணல்மூட்டை மேல் துப்பாக்கியைத் தாங்க வைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்த்தேன். அதே துப்பாக்கி, அதே தூரம். அதிவேகத் தோட்டா ஒன்று அட்டை முழுக்கச் சிதறியது. ஒலியின் வேகத்துக்குள் அடங்கும் சாதாரண வேகத் தோட்டா, அதாவது விநாடிக்கு சுமார் 325 மீட்டரில் போவது, பத்தாம் வளையத்துக்குள்ளேயே குவிந்தது. விலை உயர்ந்ததுதான் வென்றது என்றும் இல்லை. எந்தக் குழலுக்கு எது பிடிக்கும் என்பது சுட்டால்தான் தெரியும்.

அடுத்தது பிடி. கம்பெனி கொடுத்த தட்டையான பிடியில் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் கை வேறு வேறு இடத்தில் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு இலக்கை நோக்கி உயர்த்தி, கண்ணைத் திறந்தால் முன் சைட், அதாவது குழல் முனையில் உள்ள குறிபார்க்கும் முனை, எப்போதும் இடதுபக்கம் சாய்ந்து நிற்கும். உள்ளங்கைக்குத் தாங்கு பலகை வைத்த மரப்பிடி ஒன்று வாங்கினேன். கையில் சாக்பீஸ் தூளைப் பூசி இறுகப் பிடித்துப் பார்த்தால் எங்கே அழுத்துகிறது, எங்கே தொடவே இல்லை என்று மரத்தில் அச்சாகத் தெரிகிறது. அழுத்தும் இடத்தைத் தேய்த்து, தொடாத இடத்தில் மரப் பசை அப்பி, காய்ந்ததும் மறுபடி பார்த்து என்று போனது. பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் மதிப்பெண்ணை நிஜமாகவே உயர்த்தியது இதுதான். இப்போது கண்ணைத் திறந்தால் முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவிலேயே நிற்கிறது.

டிரிகரை அதற்கப்புறம்தான் தொட்டேன். பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி 25 மீட்டர் பிஸ்டலின் டிரிகர் குறைந்தது 1000 கிராம் தாங்க வேண்டும். குழலைச் செங்குத்தாக மேலே நோக்கி வைத்து, டிரிகரில் எடைக்கல்லை மாட்டித் தூக்குவார்கள்; விசை விடுபட்டால் துப்பாக்கி தேறாது. ஆகவே லேசாக்குவதைவிடச் சீராக்குவதே நோக்கம். முன் ஓட்டத்தையும் (சுடுவதற்கு முன் டிரிகர் நகரும் தூரம்) பின் ஓட்டத்தையும் (சுட்ட பிறகு நகரும் தூரம்) குறைக்கும் இரண்டு திருகுகள் உள்ள மாற்று டிரிகரை கிளப்பின் துப்பாக்கி மெக்கானிக் போட்டுத் தந்தார். பின் ஓட்டத் திருகை அளவுக்கு மேல் இறுக்கினால் சுத்தியைப் பிடித்து நிறுத்தும் சியர் என்ற கொக்கி முழுதாக விலகாமல் உரசும் என்பதால், விடுபடும் இடத்திலிருந்து கொஞ்சம் தளர்த்தியே வைத்தார். பிறகு வெற்றுத் துப்பாக்கியில் சேஃப்டி பிடிக்கிறதா, போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) இழுத்து விடும்போது, ஊசியை அடிக்கும் சுத்தி தானாக விழுகிறதா என்று இருவருமாகப் பார்த்தோம். எடைக்கல்லையும் தூக்கியது.

மேகசின் இல்லாமல் சுட விடாத பூட்டு ஒன்று இதில் உண்டு. டிரிகர் மென்மையாகும் என்று பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். நான் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவும் மாட்டேன். தோட்டா இல்லாமல் டிரிகரை மட்டும் அழுத்திப் பழகும் வெற்றுப் பயிற்சி செய்ய வேண்டுமென்றால் காலி மேகசினைப் போட்டு, டம்மி தோட்டா வைத்துக்கொண்டால் போதும். பாதுகாப்பு ஏற்பாட்டைக் கழற்றி வாங்கும் மென்மை எனக்கு வேண்டாம்.

கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் சைட்டைப் பொருத்தச் சொல்லி நிறையப் பேர் சொன்னார்கள். ஐ.எஸ்.எஸ்.எஃப். போட்டியில் திறந்த சைட் மட்டும்தான் செல்லும், நான் சுடுவதும் அதைத்தான். அதற்கென ஒதுக்கிய பணத்தில் என் குழலுக்குப் பிடித்த தோட்டாவை, ஒரே தயாரிப்புத் தொகுதி எண் பார்த்து, லைசென்ஸ் அனுமதிக்கும் அளவுக்கு வாங்கி வைத்திருக்கிறேன்.