பத்தாயிரத்துக்குக் கீழே

ஜூன் 4
தம்பிக்குக் கிரியாட்டினின் 1.9, கிட்னி தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு. போன மாதம் 1.3. நான் கொடுத்த கிட்னி. தம்பி தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கவில்லை என்கிறாள் அம்மா. அவன் குடித்த ஒவ்வொரு டம்ளரையும் நான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 6
பி.கே. வைரஸாம். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 86,000. 10,000-ஐத் தாண்டினாலே கிட்னிக்குள் வேலையைக் காட்டியிருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்வார்களாம். சின்ன வயதிலேயே பெரும்பாலோர் உடம்புக்குள் வந்து சத்தமில்லாமல் கிட்னியில் கிடக்கிற கிருமி, எதிர்ப்பு சக்தியை மாத்திரையால் அடக்கும்போது தலைதூக்குகிறது. அப்படியென்றால் நான் கொடுத்த கிட்னியோடு என்னிடமிருந்தே போனதா? டாக்டரிடம் கேட்டேன். "போயிருக்கலாம், அவர்கிட்டயே இருந்ததாவும் இருக்கலாம், அதை நினைக்காதீங்க" என்றார்.

ஜூன் 7
தூங்கவில்லை.

ஜூன் 9
பயாப்ஸி, கிட்னியிலிருந்து ஊசியால் துண்டு எடுப்பது. மாற்றிய கிட்னி முதுகுப் பக்கம் இல்லை, அடிவயிற்றில் வலது ஓரம், தொட்டால் தட்டுப்படும். எடுத்து முடித்ததும் ஒரு சின்ன பாட்டிலை என் கையில் கொடுத்து லேபில் சேர்த்துவிட்டு வரச் சொன்னார்கள். மருந்துத் தண்ணீரில் வெளிறிய நூல் மாதிரி இரண்டு துண்டு. எட்டு மாதத்துக்கு முன்னால் என் உடம்பில் இருந்தது. படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது அவன் வயிற்றில் மணல் மூட்டை, ஆறு மணி நேரம் அசையக் கூடாது.

ஜூன் 12
வைரஸ்தான், ரிஜெக்‌ஷன் இல்லை. கொடுத்த கிட்னியை உடம்பே எதிர்த்துத் தாக்குவதுதான் ரிஜெக்‌ஷன். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒன்று போலவே தெரியக்கூடும் என்பதால் எஸ்.வி.40 என்று தனியாக ஒரு சாயம் போட்டுப் பார்க்கிறார்கள். வைத்தியமோ நேர் எதிர். ரிஜெக்‌ஷன் என்றால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தை ஏற்ற வேண்டும், இதற்கு இறக்க வேண்டும், ரொம்ப இறக்கினால் ரிஜெக்‌ஷன் வரும். இந்த வைரஸைக் கொல்லும் என்று நிரூபித்த மருந்து ஒன்றுகூட இல்லை. லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் உதவும் என்று நம்பி முறையாகச் சோதித்தார்கள், 2014-ல் முடிவு வந்தது, பயனில்லை. அடக்கும் மாத்திரைகளில் மைக்கோஃபினோலேட்டைப் பாதியாக்கிவிட்டார்கள். டாக்ரோலிமஸும் குறைகிறது.

ஜூன் 15
பி.கே. என்பது ஒரு மனிதரின் பெயரெழுத்துகள். சூடான்காரர், கிட்னி மாற்றிக்கொண்டவர், சிறுநீர்க் குழாய் சுருங்கிப்போனது. அவருடைய சிறுநீரில்தான் இதைக் கண்டுபிடித்து 1971-ல் லண்டனிலிருந்து எழுதினார்கள். அதே 1971-ல்தான் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று நடந்தது. பி.கே.வுக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார்?

ஜூன் 20
டாக்ரோ லெவல், அதாவது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு பார்க்க, காலை மாத்திரை போடாமல் ரத்தம் கொடுக்க வேண்டும். போட்டுவிட்டு வந்து நிற்கிறான். லேப் வரிசையில் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, ரெண்டு நாளா கை நடுங்கலை தெரியுமா" என்றான். டம்ளரைப் பிடித்துக் காட்டினான். தண்ணீர் அலையவில்லை.

ஜூன் 21
கை நடுங்கவில்லை என்றால் மருந்து குறைந்துவிட்டது. சந்தோஷப்படவா, பயப்படவா?

ஜூன் 27
வைரஸ் 41,000.

ஜூலை 3
பி.கே. பிழைத்தாரா?

ஜூலை 11
14,000. கிரியாட்டினின் 1.8. பழைய 1.3 திரும்புமா என்று டாக்டரிடம் கேட்டேன். விழுந்த தழும்பு தழும்புதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார். அம்மாவிடம் 14,000-ஐ மட்டும் சொன்னேன்.

ஜூலை 24
நாளைக் காலை மறுபடி ரத்தம். மாத்திரை டப்பாவை எடுத்து என் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன்.