உறைக்குள் பெயரில்லாத மாத்திரை

மலையகத்து அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் வேலையின் பெரும்பகுதி பால்மாடுகளைச் சுற்றியே இருக்கும். நாய் என்றால் விசர்நாய்த் தடுப்பூசிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அங்கே பணியாற்றிய காலத்தில், மனிதருக்கான வலி மாத்திரையைத் தின்ற நாயைத் தூக்கிவந்தவர்களிடம் நான் முதலில் விசாரித்தது மாத்திரையைப் பற்றித்தான்: எது, எத்தனை, எப்போது. பதில் எளிதில் கிடைக்காது. தோட்ட மருந்தகத்தில் எண்ணிப் போட்டுத் தரும் கடதாசி உறையில் வேளை எழுதியிருக்கும், மருந்தின் பெயர் பெரும்பாலும் இராது. ஆகவே மிஞ்சிய மாத்திரைகளை உறையோடு கொண்டுவரச் சொல்லி, கொடுத்த மருந்தகத்திலேயே கேட்டறிவோம்.

கூச்சம் அதைவிடப் பெரிய தடை. நொண்டும் நாய்க்கு இரக்கப்பட்டுத் தாமே மாத்திரை கொடுத்தவர்கூட, "அதுவா எடுத்துத் தின்னுருச்சுங்க ஐயா" என்பார். சற்றுமுன் ஒரே தடவையில் விழுங்கியிருந்தால் வாந்தியெடுக்க வைப்பதில் பயனுண்டு; சில நாட்களாகச் சிறிது சிறிதாகக் கொடுத்திருந்தால் அதில் பயனில்லை, ஈரலையும் சிறுநீரகத்தையும் காப்பதே வேலையாகிவிடும். அதனால் குற்றஞ்சாட்டும் தொனியில்லாமல் கேட்பதையும் நான் சிகிச்சையாகவே கருதினேன்.

ஒரு பனடோலில் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இருக்கிறது. நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் அளவிலேயே நஞ்சாகலாம் என்பதால், 10 கிலோ நாய்க்கு இரண்டு மாத்திரைகளே ஆபத்து. பூனைக்கு ஒன்றே உயிரைப் பறிக்கும். ஈறு பழுப்பாவதும் முகமும் பாதங்களும் வீங்குவதும் இதன் அடையாளங்கள். இதற்கு அசற்றைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து உண்டு. டைக்குளோபினாக், ஐபுபுரோபன் போன்ற வேறு வலி மாத்திரைகளுக்கு அப்படி முறிமருந்து இல்லை. அவை இரைப்பையைப் புண்ணாக்கி, மலத்தைக் கறுக்கவைத்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வீட்டில் உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்க வைப்பது எங்கள் பக்கத்தில் பழகிப்போன வழி. அந்த உப்பே நஞ்சாகலாம். மயங்கிய நாய்க்குப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் ஊசிபோட்டு வாந்தியெடுக்க வைப்பதும் விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் நடந்தால்தான் பெரிதும் உதவும். தோட்டத்தின் மேற்பிரிவில் தொழிலாளர் வாழும் லயன் வீடுகளிலிருந்து நகரத்துக்கு இறங்கவே அதில் பாதி கழிந்துவிடும் என்பதால், முச்சக்கர வண்டியைத் தேடும்போதே தொலைபேசியில் விவரம் சொல்லிவிடுவது நல்லது. நாய் வாலாட்டிக்கொண்டு திரிகிறதே என்று காலைவரை பொறுத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் பரசிற்றமோலால் ஈரல் கெட்டது வெளியே தெரிய ஓரிரு நாளாகலாம், அப்போது பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை வைத்தியசாலைக்கே கொண்டுபோனாலும் செய்யக்கூடியது குறைவு.