நூல் காம்பில் தொங்கும் காய்

2024 மே 18, சனி

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம், ஒவாய்ஹி மலையடிவாரம். 2015 ஆகஸ்டில் ‘சோடா’ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ ஏறக்குறைய 2,80,000 ஏக்கரை எரித்துவிட்டுப் போன பக்கம். சேஜ்பிரஷ் புதர்கள் இருந்த இடமெல்லாம் சீட்கிராஸ் பாய் விரித்துக் கிடக்கிறது. வெளியிலிருந்து வந்த புல்; கோடை தொடங்கும்போதே காய்ந்து அடுத்த தீக்குத் தயாராகிவிடும். அதற்கு நடுவே முழங்கால் உயரத்தில் வெளிர்மஞ்சள் பூக்களோடு ஒரு செடி. பசால்ட் மில்க்வெட்ச். அவரைக் குடும்பம், பல வருடம் வாழ்வது. மேலே எரிந்தாலும் வேர்க்கழுத்திலிருந்து திரும்பத் துளிர்க்கும். சுற்றி வந்து எண்ணினேன், நாற்பதுக்கு மேல். மனசு நிறைந்துவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

காய் பிடித்திருக்கிறது. தட்டைக் காய், மயிரிழைக் காம்பில் தலைகீழாகத் தொங்கி ஆடுகிறது. இதன் தாவரப் பெயர் அஸ்ட்ரகலஸ் ஃபிலிபெஸ். ‘ஃபிலிபெஸ்’ என்றால் நூல்கால். பொருத்தமான பெயர்.

மாடு வளர்ப்பவர்களுக்கு மில்க்வெட்ச் என்றாலே பயம். இதன் உறவுச் செடிகளில் சில லோகோவீட் எனப்படும் விஷச்செடிகள். தின்ற மாடு தள்ளாடித் தள்ளாடி இளைத்துப்போகும். அந்த விஷத்தை உண்டாக்குவது செடிக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை. இந்த இனத்தில் அந்த ஆபத்து மிகக் குறைவு. உறவினர் செய்த குற்றத்துக்கு இதை ஒதுக்குவது நியாயமே இல்லை.

ஜூலை 6, சனி

அனுமதி வாங்கி, தன்னார்வலர்களோடு விதை எடுத்தோம். அன்றைக்கு முற்றியிருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொடக்கூடாது என்பது கட்டுப்பாடு. மீதி அந்த மேட்டுக்கே.

ஒரு காயைப் பிளந்தேன். ஆறு விதை. நான்கில் ஊசி குத்தினாற்போல் வட்ட ஓட்டை. எள்ளளவு பழுப்பு வண்டு ஒன்று என் கட்டைவிரல் நகத்தில் ஏறி நின்றது. நம் வீட்டுப் பச்சைப்பயறு டப்பாவில் ஓடும் பயறு வண்டின் சொந்தம்தான். காய் பச்சையாக இருக்கும்போதே முட்டையிட்டுவிடுகிறது. உள்ளே இருக்கும் வண்டு சாகட்டும் என்று, உலர்த்திய விதையை அப்படியே ஃப்ரீசரில் வைத்தாயிற்று.

2025 ஜனவரி 12, ஞாயிறு

ஊற வைத்துப் பத்து நாள். ஒரு விதைகூட உப்பவில்லை, தோல் அவ்வளவு கெட்டி. அப்பாவிடம் ஃபோனில் புலம்பினேன். “கொழுஞ்சி விதைக்கு என்னப்பா பண்ணுவோம்? மணலைப் போட்டு உரல்ல லேசா இடிச்சுத்தானே விதைப்போம். அதையே செஞ்சு பாரு” என்றார். உரல் இல்லை. இரண்டு உப்புத்தாளுக்கு நடுவே வைத்து, பளபளப்பு மங்கும்வரை தேய்த்தேன். அதிகம் தேய்த்தால் பருப்பு உடைந்துவிடும். முதல் மூன்று போயிற்று.

பிப்ரவரி 2, ஞாயிறு

தேய்த்ததில் பன்னிரண்டு முளைத்தன. தேய்க்காததில் ஒன்று. தாய்ச்செடியடியில் அள்ளி வந்த ஒரு பிடி மண்ணைத் தொட்டிகளுக்குப் பகிர்ந்து போட்டேன். வேர் முடிச்சுக்கான பாக்டீரியா அதில் இருக்கும்.

மே 4, ஞாயிறு

ஒன்று வாடிவிட்டது. வீணாக வேண்டாமென்று பிடுங்கி வேரைக் கழுவினேன். வேர் இலையைவிட மூன்று மடங்கு நீளம். ஓரத்தில் கடுகைவிடச் சிறிய முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த நிறமே சாட்சி.

இன்னும் பன்னிரண்டு தொட்டிகள் இருக்கின்றன. இலையுதிர்காலத்து முதல் மழை பெய்ததும் அவற்றை மேட்டுக்குக் கொண்டுபோகிறோம்.