ஆச்சியின் தூக்குச்சட்டி

சொதி நிரம்பிய தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்த பிறகும் பக்கத்து வீட்டு ஆச்சி போகவில்லை. அடுக்களை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆச்சியின் வீட்டுக்காரர் இறந்து நாற்பத்தோராம் நாள் முடிந்திருந்த சமயம் அது.

“நாலு வருசமா விடியக்காலம் நீ பாடுத பாட்டைக் கேட்டுக்கிட்டுத்தான் எந்திரிக்கேன். அந்த மனுசன் படுக்கையில கெடந்த எட்டு மாசமும் அதுதான் எனக்குத் தைரியம். பாடி முடிச்சதும் சன்னலச் சாத்திருவ. அது என்ன பாட்டு, யாரப் பத்தினதுன்னு ஒருநாளாவது சொல்லிருக்கியாம்மா?”

சண்டைக்குக் கேட்கவில்லை. எனக்குத்தான் முள்ளாகத் தைத்தது. “நாளைக்குச் சொல்றேன் ஆச்சி” என்று மட்டும் சொன்னேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

நான் யாழ்ப்பாணத்து உடுவில்காரி. இவர் பாளையங்கோட்டைக்காரர். இரண்டு பேரும் துபாயில் வேலை பார்த்தபோது பழகி, கல்யாணம் செய்து, நாலு வருஷத்துக்கு முன்னே இங்கே வந்து சேர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீட்டர்தான். அதே தமிழ், அதே தேங்காய்ப்பால், அதே பனை. பிறகென்ன அந்நியம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. கடையில் ரொட்டி வாங்க எங்கள் பேச்சில் பாண் என்று கேட்டால் பீடாக் கடைக்கு வழி காட்டினார்கள். பேசுகிறேன் என்பதற்கு ‘கதைக்கிறேன்’ என்றால் கதை விடுகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். மாமி என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு அத்தை என்ற சொல் வர மாதக்கணக்காயிற்று.

எல்லாவற்றையும்விட ‘ஓம்’தான் பெரிய கூத்து. எங்கள் ஊரில் ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓம்’. வந்த புதிதில் ஆச்சி என்ன கேட்டாலும் “ஓம் ஆச்சி, ஓம்” என்பேன். அவர் சைவப் பிள்ளைமார் வீட்டு அம்மா. நெற்றி நிறையத் திருநீறு. ஒருநாள் என் அத்தையிடம் வந்து, “ஒங்க மருமக வேதக்காரப் பிள்ளைன்னீங்க, வாயத் தொறந்தா ஓம் ஓம்ங்காளே!” என்று அப்படி ஒரு பூரிப்போடு சொன்னார். அத்தை சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அதன்பின் முயன்று முயன்று ‘ஆமா’வுக்கு மாறிவிட்டேன். இப்போது தூக்கத்தில் கேட்டாலும் ஆமா என்பேன்.

கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்று சொல்வது எங்கள் ஊரிலும் உண்டு. அங்கே நாங்கள் சிறு கூட்டம். இங்கே வேதத்தின் பெயர்கள் ரயில்வே பலகையிலேயே இருக்கின்றன. திருச்செந்தூர் ரயிலில் முதன்முதலாகப் போனபோது ஆழ்வார்திருநகரி வந்தது. அடுத்த நிறுத்தம் நாசரேத். நம்மாழ்வார் ஊரை விட்டால் இயேசு வளர்ந்த ஊர்! பக்கத்து இருக்கைப் பெண் மடியில் கருப்பட்டிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, “நாசரேத் வந்துட்டா சொல்லுங்கக்கா” என்று கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு ஏனோ நெஞ்சு நிறைந்துபோனது. இந்த மண் என்னைச் சேர்த்துக்கொள்ளும் என்ற தெம்பு அன்றைக்கு வந்தது.

என் அத்தைக்கு ஒரு பழக்கம். உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி மூலையிலிருக்கும் டப்பாவில் போடுவார். ஊழியத்துக்கான பிடி அரிசி. டப்பா நிறைந்ததும் கோயிலுக்கு, அதாவது எங்கள் சர்ச்சுக்கு, போகும். ஒருநாள் நான் அளந்த அரிசியை அப்படியே உலையில் கொட்டிவிட்டேன். அத்தை கோபிக்கவில்லை. கொதிக்கிற பானையைப் பார்த்துக்கொண்டு, “இன்னைக்கு நம்ம வீட்டுல இருந்து யாருக்கும் ஒண்ணும் போகலையே மக்ளே” என்றார். நற்செய்தி சொல்வது சபைப் போதகரான ஐயரின் வேலை, உபதேசியாரின் வேலை என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன். அத்தைக்கு அது அன்றாடம் தன் கையால் செய்யவேண்டிய வேலை.

இந்தப் பழக்கத்தின் வேரைத் தேடினால் எங்கள் ஊருக்கே போய் நிற்கிறது. மெஞ்ஞானபுரம் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஒய்.எம்.சி.ஏ. என்கிற வாலிபர் சங்க வேலையாக 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரர் காசை எதிர்பாராமல், தாங்களே காணிக்கை சேர்த்து, தங்கள் ஆட்களை ஊழியத்துக்கு அனுப்புவதைக் கண்டார். அத்தனை பெரிய திருநெல்வேலிச் சபை இதைச் செய்யவில்லையே என்பது அவரை உறுத்தியது. மறுவருஷம், 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பனையேறிகளின் காணிக்கையில் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆட்கள் போனார்கள். அசரியாவும் போனார். 1912இல் அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல்முறை.

இதை எனக்குச் சொன்னவர் எங்கள் சபையின் மூத்த அண்ணாச்சி ஒருவர். “ஒங்க ஊர்ல பாத்துட்டு வந்துதாம்மா எங்க ஊர்ல தொடங்குனாங்க” என்றார். எனக்கு எவ்வளவு பெருமை! அந்தப் பெருமையை இரண்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆச்சி கேட்ட இரவில்தான், யாழ்ப்பாணத்துக்காரி நான் சுவருக்கு அந்தப் பக்கம்கூடப் போகவில்லை என்று உறைத்தது.

சொல்லாததற்குக் காரணங்கள் வைத்திருந்தேன். துபாய் அலுவலகத்தில் மதம் பேசாமல் வாயடக்கிப் பழகிவிட்டது. இங்கே நான் விசாவில் இருக்கிறவள். வெளிநாட்டார் அனுமதியில்லாமல் மதப் பிரசார வேலை செய்யக்கூடாது என்பது விதி. அதை மதிக்கிறேன், ஊழியக் குழுக்களோடு போவதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுத் தாய் தானாகக் கேட்டால் பதில் சொல்வது பிரசாரமா? கேட்கிறவர்களுக்குச் சாந்தமாகப் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் பேதுரு. விதியைச் சாக்கு வைத்து என் கூச்சத்தை மூடிக்கொண்டேன் என்பதே உண்மை.

கைப்பிரதியை நீட்டிவிட்டு, வாங்கினவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த ஆளிடம் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொல்வதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிமாரைப் பார்த்து, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்றுதான் மன்றாடிக் கேட்டார். ஆச்சி எனக்கு நாலு வருஷமாக அந்த நட்பைத் தந்திருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வருகிறவர் அவர்தான். நான்தான் என் வாழ்வில் ஆகப் பெரிய சந்தோஷத்தை அவருக்குச் சொல்லாமலே பழகியிருக்கிறேன்.

இந்த ஊர்ச் சபையின் தொடக்கமும் ஓர் அயலூர்ப் பெண்தான். தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. 1778இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று குளோரிந்தா ஆனார். 1785இல் அவர் கட்டிய கோயில் இன்னும் பாளையங்கோட்டையில் இருக்கிறது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றால் வழி சொல்வார்கள். அதைக் கடந்து போகும்போதெல்லாம், இந்த அம்மா முதன்முதலில் யாரிடம் வாய் திறந்திருப்பார், அப்போது குரல் நடுங்கியிருக்குமா என்று யோசிப்பேன்.

என் அம்மாவின் குரல் நடுங்கவில்லை. 1995 ஒக்டோபர் 30. போர் நெருங்க, எங்கள் வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் ஊரை விட்டு வீதியில் இறங்கியது. மழை. நாவற்குழிப் பாலத்தில் காலடி எடுத்து வைக்க இடமில்லை. எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தேன். சாவகச்சேரியில் ஒரு மாமரத்தடியில் ஒதுங்கினோம். விடியப்போகிற நேரத்தில் அம்மா வழக்கம்போலக் கீர்த்தனை ஒன்றை மெல்லப் பாடினா. பக்கத்தில் இரவெல்லாம் விசும்பிக்கொண்டிருந்த ஒரு பெண் நெருங்கி வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் உருத்திராட்சம். “இவ்வளத்துக்கும் பிறகு எப்பிடியக்கா உங்களால பாட ஏலுது?” என்று கேட்டாள். அம்மா அவளுடைய ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னா. தான் தனியே நடந்து வரவில்லை என்றும், இன்னொருவர் கூட நடந்து வந்தார் என்றும், அவர் யார் என்றும். நான் அம்மாவின் மடியில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான் விடியற்காலையில் பாடுவது அதே கீர்த்தனைதான்.

மறுநாள் காலை பயற்றம் பணியாரம் சுட்டேன். இரவல் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. எங்கள் சொதி தண்ணீராக இருக்கும், இடியப்பத்தில் ஓடும். ஆச்சியின் சொதி சிறுபருப்பும் காயும் போட்டுக் கெட்டியாக இருக்கும், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. கழுவின பிறகும் தூக்குச்சட்டியில் இஞ்சி மணந்தது. பணியாரத்தை அதில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

ஆச்சி முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பாட்டை வரி வரியாகச் சொன்னேன். யாரைப் பற்றியது என்று சொன்னேன். அவர் எனக்கு என்ன செய்தார் என்று சொன்னேன். மாமரத்தடியையும் சொன்னேன். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் அப்படியொரு சந்தோஷத்தை இந்த ஊருக்கு வந்து நான் அதுவரை அனுபவித்ததில்லை.

ஆச்சி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கீரையும் உருவி முடிந்தது. காம்புகளை ஒதுக்கிவிட்டு, “இத அந்த மனுசன் இருக்கும்போதே வந்து சொல்லிருக்கலாம்லா” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் முழங்கையைத் தொட்டார்.

“அந்தப் பொம்பள, ஒங்கம்மாட்ட கேட்டாள்லா, பெறகு அவ அழுகைய நிறுத்துனாளா?”

“ஓம் ஆச்சி” என்றேன்.