ஹார்னம்: குளிர்காலத்தில் நீர் பாய்ச்சிய புல்வெளிகள்

தென் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரத்துப் பூங்காவிலிருந்து ஹார்னம் பழைய ஆலை வரை செல்லும் 'டவுன் பாத்' என்ற ஒற்றையடிப் பாதையில் நடப்பவர்கள் பெரும்பாலும் ஒரே திசையைத்தான் பார்க்கிறார்கள். 123 மீட்டர் உயரக் கோபுரத்துடன் பேராலயம் நிற்பது அந்தப் பக்கம். 1831இல் ஜான் கான்ஸ்டபிள் காட்சிக்கு வைத்த புகழ்பெற்ற ஓவியத்தில் இருப்பதும் இங்கிருந்து தெரியும் கோபுரமே. நான் போனதோ, அந்தக் கோபுரத்தைப் படம் பிடிப்பவர்கள் முதுகு காட்டி நிற்கிற வாய்க்கால்களைப் பார்க்க.

நாடர் ஆற்றின் கிளைகளுக்கு நடுவே ஏறத்தாழ 84 ஏக்கரில் பரந்து கிடக்கும் இந்த நிலம், பதினேழாம் நூற்றாண்டில் மண்வெட்டியால் வெட்டி உருவாக்கப்பட்ட பாசனப் புல்வெளி. ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டேயிருக்கும் நாட்டில், அதுவும் டிசம்பர், ஜனவரி மாதங்களில், புல்லுக்கு எதற்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்? வறட்சிக்குப் பயந்து ஏரி வெட்டிய மரபில் வந்தவர்களுக்கு இது விளங்காத கணக்குதான். விடை தண்ணீரின் சூட்டில் இருக்கிறது. வெஸ்ஸெக்ஸ் பகுதியின் சுண்ணக்கல் ஊற்றுகளிலிருந்து வரும் நீர் கோடையிலும் குளிரிலும் ஏறக்குறைய 10 அல்லது 11 டிகிரி செல்சியஸிலேயே இருக்கும். நிலம் உறையும் நாட்களில் அந்த நீரைப் புல்லின் மேல் மெல்லிய படலமாக ஓடவிட்டால் வேர் குளிரில் விறைப்பதில்லை. மற்ற வயல்களில் தளிர் எட்டிப் பார்ப்பதற்குச் சில வாரங்கள் முன்பே இங்கே மேய்ச்சல் கிடைத்துவிடும்.

நீர் தேங்கினால் புல் மூச்சுத் திணறி அழுகிவிடும் என்பதால், நகர்ந்துகொண்டே இருப்பதுதான் இந்த அமைப்பின் உயிர். ஆற்றிலிருந்து பிரியும் தலை வாய்க்கால் கிளை வாய்க்கால்களாகப் பிரிந்து, நீண்ட மேட்டுப் பாத்திகளின் முதுகில் வெட்டிய ஒடுங்கிய ஓடைகளில் ஏறுகிறது. அந்த ஓடை நிரம்பி இரு பக்கமும் வழியும் நீர், ஓர் அங்குல ஆழத்துக்குச் சரிவில் இறங்கி, பாத்திகளுக்கு இடையிலுள்ள வடிகாலில் விழுந்து மீண்டும் ஆற்றுக்கே போய்ச் சேர்கிறது. நான் குனிந்து பார்த்த ஒரு பாத்தியில் புல்லின் இதழ்கள் எல்லாம் சரிவின் திசையிலேயே சாய்ந்திருந்தன. நீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியவில்லை, அந்தச் சாய்வுதான் அதைக் காட்டிக்கொடுத்தது. முதுகின் மட்டம் ஓரிடத்தில் சற்று உயர்ந்தாலும் அதற்கப்பால் புல் காயும் என்பதால், 'ட்ரௌனர்' எனப்பட்ட நீர்பாய்ச்சிகள் மதகுப் பலகைகளை ஏற்றி இறக்கியும், மண்கட்டிகளை வைத்து ஓட்டத்தைத் திருப்பியும், குளிர்காலம் முழுவதும் இதே வேலையாக இருந்திருக்கிறார்கள்.

இத்தனை பாடும் ஆட்டுக்காக. ஆட்டைவிடவும் அதன் எருவுக்காக என்று சொல்வதே சரி. வசந்தத்தின் தொடக்கத்தில் மந்தையைப் பகலில் இங்கே மேயவிட்டு, மாலையில் மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போய், பார்லி விதைக்கும் வயலில் கிடை போட்டார்கள். முன்கூட்டியே புல் கிடைத்ததால் பெரிய மந்தை வைக்க முடிந்தது. மந்தை பெருத்ததால் வயலுக்கு எரு பெருகியது. மே மாதத்துக்குப் பிறகு ஈரப் புல்லில் கல்லீரல் புழு ஆட்டைத் தொற்றும் என்பதால் மந்தையை வெளியேற்றி, மறுபடி நீர் பாய்ச்சி வைக்கோற்புல் அறுத்து, கடைசியில் மாடுகளை விட்டார்கள். இந்த முறை ஹார்னத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் மேற்கிலுள்ள ஹெர்ஃபோர்ட்ஷயரில் தாம் செய்த நீர் வேலைகளைப் பற்றி ரோலண்ட் வாகன் என்ற நிலக்கிழார் 1610இலேயே ஒரு நூல் வெளியிட்டிருந்தார். தென் இங்கிலாந்தின் டோர்செட் மாவட்டத்துப் பட்டில்டவுனில், 1629இல், பண்ணை நிலத்துக் குடியானவர்கள் நீர் பாய்ச்சுவது பற்றிக் கூடி முடிவெடுத்தது பதிவாகியிருக்கிறது. ஒருவருடைய வாய்க்கால் இன்னொருவர் நிலத்தின் வழியே போக வேண்டியிருந்ததால், ஊர் கூடாமல் இது நடந்திருக்காது.

தொல்லியலாளருக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. இடைக்கால உழவு விட்டுச்சென்ற மேடுபள்ள வரிகளும் வானிலிருந்து பார்க்க ஏறக்குறைய இப்படியேதான் இருக்கும். பாத்தியின் முதுகில் ஓடையின் தடம் இருக்கிறதா, அது மேலே ஒரு வாய்க்காலோடும் கீழே ஒரு வடிகாலோடும் சேர்கிறதா என்று பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். விமானத்திலிருந்து லேசர் கதிர்களால் நிலமட்டத்தை அளக்கும் லைடார் முறை, சாதாரணக் கண்ணுக்குப் புலப்படாத சில அங்குல உயர வேறுபாட்டையும் காட்டுவதால் இந்த ஆய்வுக்கு மிகவும் கைகொடுத்திருக்கிறது. ஆனாலும் வரைபடத்தில் வெறும் கோடாகத் தெரிந்த ஒரு வாய்க்கால் ஏன் அந்த இடத்தில் வளைகிறது என்பது, நீர் ஓடும்போது நேரில் நின்று பார்த்தால்தான் எனக்குப் புரிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குவானோ எனும் கடற்பறவை எச்ச உரமும் செயற்கை உரமும் வந்த பிறகு ஆட்டெருவின் தேவை குறைந்தது, கூலியாட்களும் குறைந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில், பாத்திகளின் மேல் டிராக்டர் ஓட்ட வசதியில்லாததால் பல புல்வெளிகளை உழுது சமன்படுத்திவிட்டார்கள். ஹார்னம் தப்பியதற்கு 1990இல் தொடங்கிய அறக்கட்டளையே முக்கியக் காரணம். கல் கட்டடமாக இருந்தால் வேலி போட்டே காப்பாற்றலாம். இதை அப்படி விட்டால் மாட்டின் குளம்பும் வண்டலும் சேர்ந்து ஓடைகளைத் தூர்த்துவிடும். 2023இல் ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஏழு ஐரோப்பிய நாடுகளின் மரபுவழிப் பாசனம் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த ஏழில் பிரிட்டன் இல்லை என்பது எனக்கு வருத்தமே.

போக நினைப்பவர்கள் நீர் பாயும் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பாதையிலிருந்து பார்த்தாலே ஓரளவு தெரியும். மதகுகளை அருகில் காண, வழிகாட்டியோடு செல்லும் நடை எப்போது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வரையான ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம்.