பின்பக்கக் கானில் தண்ணீர் ஓடுகிறது

நேற்றிரவு மழை விட்டதும் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) பின்னால் உள்ள கானில், அதாவது வடிகாலில், தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மூன்று வருஷமாக அங்கே தேங்கி நாறுமே தவிர ஓடாது. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஜூன் மாதம் எப்படிப் பெய்யும் என்று தெரிந்தவர்களுக்கு என் சந்தோஷம் புரியும்.

இவ்வளவு நாளும் மேல்கோடியில் இருந்து வெட்டினது என் மடத்தனம். இந்த முறை கீழ்வாயைத் திறந்துவிட்டு மேலே ஏறினேன். தண்ணீர் வடிய வடிய சேறு இறுகி, அள்ளத் தோதாக வந்தது.

அப்புறம் மட்டம். தேயிலை மலைக் கானுக்கு 120க்கு 1 சரிவு என்பது பெரியப்பாவின் கணக்கு. அவர் தோட்டத்தில் கான் வெட்டியே ஓய்ந்தவர். என் கான் 40 அடி, அப்படியென்றால் 4 அங்குலம் இறங்க வேண்டும். டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தால் இரண்டரைதான், அதிலும் நடுவில் ஒரு தொப்பை.

ஆனால் உண்மையான போராட்டம் மம்பட்டியோடு. தகடு முதலை மார்க், அதில் குறையில்லை. காம்புதான் சனியன். டவுனில் ஒரு கடையில் வாங்கியது இரண்டாம் நாளே வெடித்தது, பச்சை மரம். கொய்யாக் கம்பு வெட்டி, அடுப்புக்கு மேலே ஒரு மாதம் காயவைத்துப் போட்டேன். தகட்டுக்கும் காம்புக்கும் நடுவே உள்ள வாய் விரிந்திருந்தால் சேற்றைத் தள்ளும், அள்ளாது. அதிகம் மடங்கினால் மேலாகச் சீவிக்கொண்டு வரும். நாலு தடவை கழற்றி மாட்டி, தகட்டு நுனிக்கும் காம்புக்கும் நடுவே ஒரு சாணும் நாலு விரலும் வைத்தபோதுதான் என் உயரத்துக்குச் சரிவந்தது. பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி ஆப்பு அடித்தால் ஆடாது. தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குகிறவர்கள் உண்டு. வெயில் கண்டதும் மறுபடி கழன்றுவிடும். களி ஒட்டாமலிருக்கத் தகட்டில் கழிவு ஒயில், ஒட்டினால் சுரண்ட இடுப்பில் ஒரு சிரட்டை.

கனடாவில் இருக்கிற மச்சான் வாசலில் பனி அள்ளுகிற வீடியோ அனுப்பி, முதுகு போச்சு என்கிறான். புதுப் பனி ஒரு கனமீட்டர் 50, 100 கிலோதான்டா, நம்ம ஈரமண் 2 தொன்னை நெருங்கும் என்றேன். ஆனாலும் அள்ளி முடித்துத் திரும்பிப் பார்க்கிற சுகம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் போல. வெட்டின பக்கம் தொதல் இனிப்புத் துண்டு மாதிரிப் பளபளவென்று நின்றது.

மேல்திட்டில் மண்ணைப் பிடித்து வைக்கிற மானாப்புல் நட வேண்டும், மண் வருவதே அங்கிருந்துதான். நாற்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். குசினிப் (சமையலறை) பக்கம் கானை மூடியிருக்கிற கொங்கிரீட் பலகைக்குக் கீழே 6 அடி இன்னும் பாக்கி. அதற்குள் இந்தக் காம்பு நுழையாது, குட்டைக் காம்பு ஒன்று செய்ய வேண்டும்.

காலையில் பெரியப்பா வந்து மம்பட்டியைத் தூக்கினார். தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். குறை இருந்தால் சும்மா விடுகிற ஆளில்லை.